தஞ்சாவூர்ல இருந்து ஒரு மணி நேரம்: டூருக்கு லோன் எதுக்கு?

பர்சனல் லோன் பத்தி நம்ம சேனல்ல எப்போ பேசினாலும் ஒரு கேள்வி தவறாம வரும்: "ஸ்கூல் லீவுக்கு ஃபேமிலியோட ஊட்டி போகணும், ஒரு நாப்பதாயிரம் லோன் போடலாமா?"

என் பதில், வேண்டாம். அதுக்காக வீட்லயே உட்காருங்கன்னு சொல்ல வரலை. தஞ்சாவூர்ல குடியிருக்கற ஒரு குடும்பத்துக்கு மாசம் ஒரு நாள் வெளியே போயிட்டு வர்றதுக்கு பட்ஜெட்ல நிரந்தரமா ஒரு இடம் இருக்கணும்ங்கறது என் கருத்து. மிச்சம் இருந்தா பாத்துக்கலாம்னு விட்டா அது நடக்கவே நடக்காது.

முதல்ல லோன் கணக்கு. 40,000 ரூபாய், 16% வட்டி, 12 மாசம்னா இ.எம்.ஐ. சுமார் 3,630 ரூபாய். வட்டி மட்டும் கிட்டத்தட்ட 3,550 ரூபாய் கட்டுவீங்க, பிராசஸிங் ஃபீஸ் தனி. மூணு நாள் சுத்தினதுக்கு பன்னிரண்டு மாசம் தவணை. அடுத்த லீவு வரும்போதுதான் போன லீவோட கடன் அடையும்.

இப்போ பக்கத்து ஊர் கணக்கு. தாராசுரம் தஞ்சாவூர்ல இருந்து சுமார் 35 கிலோமீட்டர், கும்பகோணம் போற ரோட்டுலயே இருக்கு. ஐராவதேசுவரர் கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைங்கன்னு வெச்சுப்போம். என் உத்தேசம்: பஸ்ஸும் ஆட்டோவும் 450, மதியச் சாப்பாடு 700, காபி டீ 150, சின்னச் சின்ன செலவு 300. மொத்தம் 1,600 ரூபாய். அந்த லோனுக்குக் கட்டற வட்டிக் காசுலயே இந்த மாதிரி ரெண்டு தடவை போயிட்டு வந்துடலாம். வருஷத்துக்கு பத்து தடவை போனாலும் 16,000 ரூபாய்தான்.

"கோயிலும் வயலும் தினம் பாக்கறதுதானே, இதெல்லாம் ஒரு டூரா?"ன்னு கேப்பீங்க. தினம் பஸ் ஜன்னல்ல பாக்கறோம், இறங்கிப் பாத்தவங்க எத்தனை பேர்? தாராசுரம் கோயில் இரண்டாம் ராஜராஜன் கட்டினது. சக்கரம் வெச்ச தேர் மாதிரி ஒரு மண்டபம், நாயன்மார் கதைகளைச் சொல்ற குட்டிக் குட்டிச் சிற்பங்கள் எல்லாம் அங்க இருக்கு. 2004-லயே யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தாச்சு. வெளிநாட்டுக்காரங்க விமானம் ஏறி வந்து பாக்கறாங்க. நமக்கு அது கும்பகோணம் போற வழியில வர்ற ஒரு ஸ்டாப்.

கல்லணையும் அப்படித்தான். தஞ்சாவூர்ல இருந்து சுமார் 45 கிலோமீட்டர். கரிகாலன் கட்டினான்னு பாடத்துல படிக்கற பிள்ளைங்க, அங்க தண்ணி காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு நாலா பிரியறதை ஒரு தடவை நேர்ல பாக்கணும். மேட்டூர்ல ஜூன் 12 திறக்கறது வழக்கம். தண்ணி கல்லணை வந்து சேர சில நாள் ஆகும். அந்தத் தண்ணியை நம்பித்தான் இங்க குறுவை, அந்தக் குறுவையை நம்பித்தான் பாதி வீட்டு பட்ஜெட். இது புரிஞ்ச பிள்ளைக்கு வீட்ல காசு எப்போ வரும், எப்போ வராதுன்னு தனியா பாடம் எடுக்க வேண்டாம்.

வருஷத்துக்கு ஒரு அட்டவணை போட்டுக்கலாம். ஜூன், ஜூலையில கல்லணை. நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள வடுவூர் ஏரி. சுமார் 25 கிலோமீட்டர்தான், 2022-ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்த பறவைகள் சரணாலயம். ஜனவரியில தியாகராஜர் ஆராதனை சமயம் திருவையாறு, 13 கிலோமீட்டர், திரும்பும்போது அசோகா அல்வா. சித்திரை வெயில்ல ஊரை விட்டே போக வேண்டாம். அரண்மனை கலைக்கூடத்துல சோழர் கால வெண்கலச் சிலைங்க, பக்கத்துலயே சரஸ்வதி மகால். கோயில் போறவங்களுக்கு ஒண்ணு: மதியம் 12 மணி வாக்குல நடை சாத்தினா 4 மணிக்கு மேலதான் பெரும்பாலும் திறப்பாங்க. காலையில சீக்கிரம் கிளம்பினா ஒரு வேளை சாப்பாட்டுச் செலவோட வீடு திரும்பிடலாம்.

இந்த 1,600 ரூபாய் ரெண்டு இடத்துல எகிறும். ஒண்ணு கார். நாலு பேருக்கு வாடகைக் கார், டிரைவர் பேட்டான்னு போனா மொத்த பட்ஜெட்டையும் அதுவே சாப்பிட்டுடும். கும்பகோணம் பக்கம் பாசஞ்சர் ரயில் இருக்கு, பஸ் இருக்கு. சாதாரண டவுன் பஸ் போற ஊர்னா 2021 மே மாசத்துல இருந்து பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. ரெண்டாவது, "சும்மா பாத்துட்டு வரலாம்"னு திருபுவனத்துல பட்டுக்கடைக்குள்ள போறது. பட்டு வாங்கறது தப்பில்லை, அதுக்கு தனி பட்ஜெட் போடுங்க. இந்தக் கணக்குல இருக்கற 300 ரூபாயை ஒரு தலையாட்டி பொம்மைக்கோ, கோயில் வாசல்ல விக்கற அம்மாவோட வெள்ளரிப் பிஞ்சுக்கோ குடுங்க. அந்தக் காசு நம்ம ஊர்லயே சுத்தும்.

இதுவரைக்கும் சொன்னதுல பெருசா யாரும் சண்டைக்கு வர மாட்டீங்க. அடுத்து சொல்றதுக்கு வரலாம்.

"சாப்பாட்டுக்கு எதுக்கு 700? புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கிட்டா மிச்சம்தானே?"ன்னு கணக்கு போடுவோம். அந்த மிச்சம் எங்க இருந்து வருது? காலையில நாலு மணிக்கு எழுந்து அடுப்பு பத்த வெக்கறவங்ககிட்ட இருந்து. அவங்க வடிச்சு, கிளறி, கட்டி, பிள்ளைங்களைக் கிளப்பி, அங்க போய் எல்லாருக்கும் பரிமாறி, ராத்திரி வந்து அந்த டிபன் கேரியரையும் கழுவணும். மத்த மூணு பேருக்கு லீவு, அவங்களுக்கு டபுள் ஷிஃப்ட். கணக்கு எழுதறவங்களுக்குத் தேய்மானம்னா என்னன்னு தெரியும். அந்த வருஷம் கையில இருந்து காசு போகலைன்னாலும் அது செலவுதான், எழுதாம விட்டா லாபம் பொய்யா இருக்கும். கட்டுச்சோறு மிச்சமும் அப்படி ஒரு பொய் லாபம்தான். எழுதாத செலவு மொத்தமும் ஒரே ஆள் உடம்புல ஏறுது. அதனால அன்னிக்கு மட்டும் வீட்ல அடுப்பு வேண்டாம். மெஸ்ல உட்கார்ந்து எல்லாரும் ஒண்ணா இலை போட்டு சாப்பிடுங்க. 1,600 ரூபாய்ல குறைக்கக் கூடாத ஐட்டம் இந்த 700-தான். கையில காசு பத்தலைன்னா பத்து ட்ரிப்பை ஆறு ஆக்குங்க.

"கம்பெனியில எல்.டி.ஏ. இருக்கு, அதுக்காகவாவது தூரமா போகணுமே"ன்னு சிலர் சொல்வாங்க. புது வரி முறையில இருக்கறவங்களுக்கு அந்த விலக்கு கிடையாது. பழைய முறையிலயும் நாலு வருஷ பிளாக்குக்கு ரெண்டு பயணம்தான், அதுவும் பயணக் கட்டணத்துக்கு மட்டும். ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் இல்லை. 20% ஸ்லாப்ல இருக்கறவர் 6,000 ரூபாய் டிக்கெட்டுக்கு விலக்கு வாங்கினா செஸ் சேர்த்து மிச்சம் சுமார் 1,250 ரூபாய். அதுக்காக 40,000 செலவு பண்றது வரி சேமிப்பு ஆகாது.

பணம் எப்படி ஒதுக்கறது? சம்பளக்காரங்க மாசம் 1,600 ரூபாயை தனி சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்கு சம்பளத் தேதியிலயே மாத்திடுங்க. விவசாயக் குடும்பத்துக்கு மாசக் கணக்கு ஒத்து வராது. சம்பா நெல்லை கொள்முதல் நிலையத்துல போட்டு பணம் அக்கவுன்ட்ல ஏறினதும், கடன் அடைச்சு, அடுத்த சாகுபடிக்கு எடுத்து வெச்சதுக்கு அப்புறம் வருஷத்துக்கான தொகையை மொத்தமா ஒதுக்குங்க. மழை கெடுத்த வருஷம்னா தொகையைப் பாதியாக்குங்க, திருவையாறு மட்டுமாவது போங்க. பயிருக்குன்னு வாங்கின நகைக்கடன்ல மட்டும் கை வெக்காதீங்க.

ஊட்டிக்குப் போகவே கூடாதுன்னு இல்லை. ரெண்டு வருஷம் காசு சேர்த்து, கையில இருக்கற பணத்துல போங்க, அந்தக் குளிரை நிம்மதியா அனுபவிக்கலாம். அதுவரைக்கும் பிள்ளைங்க காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மாசச் செலவு நோட்டுல "வெளியூர் ஒரு நாள்"னு ஒரு வரி எழுதுங்க. எந்த ஊருன்னு வீட்ல முதல்ல அம்மாகிட்ட கேளுங்க.