ஒரு ‘லைன்’ விழுங்கிய தமிழ்ச்சொற்கள்



இராசபாளையத்து நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். அவர் கண்விழிப்பது ‘லைன் வீட்டில்’. தண்ணீர் வருவது ‘பைப் லைனில்’. அதைப் பிடிக்க நிற்பதும் ‘லைனில்’. ஆலைக்குள் பஞ்சைப் பிரித்துத் தூய்மை செய்யும் பொறித்தொகுதி ‘புளோரூம் லைன்’. மின்சாரம் நின்றால் ‘லைன் போச்சு’. தொலைபேசியில் குரல் அறுந்தாலும் அதே ‘லைன் போச்சு’. மாலையில் வீடு திரும்பினால் மகன் சுவடியில் ‘லைன்’ போட்டுக்கொண்டிருக்கிறான். மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை ‘எந்த லைனில்’ இருக்கிறார் என்று உறவினர் வினவுகிறார். திருவில்லிபுத்தூருக்குச் சரக்கு விற்கவும் கடன் தண்டவும் செல்லும் தம்பி ‘லைனுக்குப்’ போயிருக்கிறான். தெருமுனையில் நிற்கும் விடலைகள் செய்வதற்கும் இதே சொல்தான். அவ் விழிவழக்கைப் பற்றி இங்கு எழுதித் தாளைக் கெடுக்க விரும்பவில்லை.

வீடு, குழாய், வரிசை, பொறி, மின்பாதை, இணைப்பு, கோடு, தொழில், தண்டல் என்று இத்தனைக்கும் ஒரே ஆங்கிலச் சொல்! நிரை, வரி, அணி, தடம், துறை, கொடிவழி, அடி எனப் பொருளுக்கொரு சொல் வகுத்து வாழ்ந்த இனம், இன்று ஓரசைச் சொல்லொன்றை வாயில் குதப்பிக்கொண்டு திரிகிறது.

“ஒரு சொல்லிலேயே இத்தனை வேலை முடிகிறதே, எளிமைதானே?” என்பர் சிலர். ஒரே வேட்டியை உடுக்கவும் விரிக்கவும் போர்க்கவும் பயன்படுத்துவோனை எளிமையன் என்பதா, ஏழை என்பதா? அவ் வேழைக்கேனும் வேறு வேட்டியில்லை. நமக்கோ பேழை நிறைய இருக்கிறது. திறப்பதற்குத்தான் மனம் இல்லை.

“தமிழிலும் ஒரு சொற்குப் பல பொருள் உண்டே” என்று அடுத்த வினா வரும். உண்டு, யார் இல்லையென்றார்? ‘கால்’ என்பது உறுப்பு, காற்று, வாய்க்கால், நாலிலொன்று. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுமையும் ஒரு சொற் பல்பொருட் பெயர்களுக்கென்றே அமைந்ததன்றோ? ஆனால் தொல்காப்பியர் அத்தகு சொற்களை இருவகையாகப் பகுத்தார். சேர்ந்து வரும் வினையாலேயே பொருள் விளங்குவது ஒன்று. வினையாலும் விளங்காதது மற்றொன்று. பின்னதை ஆள்வோன் தான் கருதிய பொருளை வெளிப்படக் கூறியே ஆளவேண்டும் என்றும் விதித்தார். மொழி மயங்கினால் வாழ்வு மயங்கும் என்பதை அறிந்த அறிவு அது.

அம் மயக்கம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு நம் ஊர்களிலேயே சான்றுண்டு. விருதுநகரிலிருந்து தென்காசி செல்லும் இருப்புப்பாதை திருவில்லிபுத்தூர் வழியாகவும் இராசபாளையம் வழியாகவும் செல்கிறது. தொடர்வண்டித் துறையில் ‘லைன் கிளியர்’ என்றால், அடுத்த நிலையம் வரை பாதை காலியாக உள்ளது, வண்டி வரலாம் என்று பொருள். அப் பாதைக்கு அருகிலேயே மின்கம்பம் நிற்கிறது. மின்துறையிலும் ‘லைன் கிளியர்’ உண்டு. அங்கே அதன் பொருள், இப் பகுதியில் மின்னோட்டம் நிறுத்தப்பட்டுள்ளது, மீட்டு ஒப்படைக்கும் வரை மின்சாரம் வரக்கூடாது, ஆள் ஏறி வேலை செய்யலாம் என்பது. ஓரிடத்தில் ‘வரலாம்’, மற்றோரிடத்தில் ‘வரக்கூடாது’! சொல் ஒன்றே. அந்தந்தத் துறையார் பயிற்சியால் பொருளறிந்து பிழைக்கின்றனர், மெய்தான். ஆனால் கம்பத்தின்மேல் நிற்பவனின் உயிர் தொங்கும் ஒரு சொல்லை, அவன் தாய்க்கும் மனைவிக்கும் விளங்காத சொல்லாக ஏன் வைத்திருக்கவேண்டும்? ‘மின்னிறுத்த இசைவு’ என்று கூறுங்கள். ‘வழிவிடுப்பு’ என்று கூறுங்கள். கேட்ட அளவிலேயே ஒன்று நிறுத்தம், மற்றொன்று விடுப்பு என்பது சிறுவனுக்கும் விளங்கும். மின்துறையிலேயே ‘மின்பாதை ஆய்வாளர்’ என்னும் நல்ல தமிழ்ப் பதவிப்பெயர் உண்டு. தாளில் அவர் மின்பாதை ஆய்வாளர். தெருவில் இறங்கியதும் ‘லைன் இன்சுபெக்டர்’ ஆகிவிடுகிறார். சொல் இல்லாமையன்று நம் நோய்.

இனி ‘லைன் வீடு’ என்பதற்கு வருவோம். நெஞ்சைச் சுடுவது அதுவே. ஒரே நீள்சுவரில் அறையறையாகத் தடுத்து வாடகைக்கு விடும் குடியிருப்பை நம் தென்பாண்டி மக்கள் ‘வளவு’ என்றனர். வளைத்து அமைந்தது வளவு. உள்ளே முற்றம் உண்டு, உறவு உண்டு. வெள்ளையன் தன் படைவீரரையும் கூலியாள்களையும் நிறுத்திவைத்த கொட்டகை வரிசைக்கு இட்ட பெயர் ‘லைன்’. அவன் கண்ணுக்கு அங்கே வீடு தெரியவில்லை, வரிசைதான் தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கடல்கடந்து இலங்கை மலைநாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்ட நம் உடன்பிறப்புகளை அவன் அடைத்ததும் அத்தகைய வரிசைகளில்தான். அங்கே ‘லைன்’ என்பது ‘லயன்’ ஆயிற்று. ‘லயம்’ என்றும் ஆயிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் பிறந்து, அதிலேயே மணந்து, அதிலேயே மாண்ட மக்கள், ‘லயம்’ என்பதைத் தம் சொல் என்றே நம்பிவிட்டனர். தேயிலையால் அந் நாட்டை வளப்படுத்திய அவர்களுள் மிகப் பெரும்பாலாரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. தமிழில் ‘வீடு’ என்பதற்கு விடுதலை என்றும் பொருளுண்டு. அவர்களுக்கு இரண்டுமே மறுக்கப்பட்டன. கிடைத்தது ‘லைன்’ ஒன்றே. அச் சொல்லையா நம் இல்லத்திற்கு நாமே விரும்பிச் சூட்டிக்கொள்வது?

ஆங்கிலச் சொல்லின் வேரையும் சற்றுத் தோண்டுவோம். இலத்தீனத்தில் ‘லீனும்’ என்பது ஆளிச்செடியின் நார். அந் நாரால் திரித்த கயிறு ‘லீனெயா’. கயிற்றிலிருந்து கோடும், கோட்டிலிருந்து வரிசையும், வரிசையிலிருந்து பிறவும் ஆங்கிலத்தில் கிளைத்தன. அஃதாவது ‘லைன்’ என்பதன் முதற்பொருள் இழைதான். ஆங்கிலேயன் தன் பண்பாட்டு மரபில் வளர்ந்த இழைச்சொல்லைப் பல பொருளில் ஆள்கிறான். அவனைக் குறை கூற நமக்கு என்ன உரிமை? அவனுக்கு அது வளர்ச்சி. நமக்கோ, வேரற்று வந்து விழுந்த ஒவ்வொரு பொருளும் ஒரு தமிழ்ச்சொல்லைக் கொல்கிறது.

நம்மிடமும் இழைச்சொல் உண்டு: நூல்! 1936இல் தொடங்கிய இராசபாளையம் நூற்பாலைக்குப் பின் ஊரெங்கும் நூற்கதிர் சுழன்றது. அந் நூற்புத் தொழிலையே உவமையாக்கிப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் நன்னூற் பாயிரத்துள் நூலுக்கு விளக்கம் தந்தார். சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே நூற்கும் பெண், வாயே கை, அறிவே கதிர். மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் தீர்ப்பதுபோல் மனத்தின் கோணலை நூல் தீர்க்கும் என்றும் அங்கேயே கூறப்பட்டுள்ளது. பஞ்சிழை, தச்சனின் நேர்கயிறு, அறிவுநூல் மூன்றும் ஒரே சொல். ஆலைத் தொழிலாளியின் கையில் நாள்தோறும் ஓடும் சொல்லுக்கு இத்துணைப் பெருமை இருக்க, அவர் நாவில் ஓடுவது ‘லைன்’!

திருவில்லிபுத்தூரின் நிலை வேறு. பெரியாழ்வாரும் ஆண்டாளும் தமிழால் மாலை தொடுத்த ஊர் அது. ஊர்ப்பெயரின் தலையிலேயே ‘திரு’வை நீக்கி வடவெழுத்தை ஏற்றிவிட்டனர். அவ்வூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சியே. ஆயினும் ‘திரட்டுப்பால்’ என்று விற்றால் இனிப்பு குறைந்துவிடுமா? அதைப் பின்னொரு முறை பார்ப்போம்.

“இதெல்லாம் இனி மாறுமா?” என்பார்க்கு ஒரு சொல் காட்டுவேன். ‘ஆன்லைன்’ என்பது நம் கண்முன் வந்த வரவு. அதற்கு ‘இணையவழி’ என்று ஆக்கினோம். இன்று அரசாணையிலும் நாளிதழிலும் பள்ளி அறிவிப்பிலும் இணையவழி வழங்குகிறது. ஆக்கியதை ஆண்டார்கள், நிலைத்தது. சங்கரன்கோவிலில் 1902இல் பிறந்து, இராசபாளையத்தை அடுத்த முறம்பில் இளமையில் ஆசிரியப்பணி ஆற்றிய பாவாணர், தமிழ்ச்சொற்களின் வேர்காணும் பணியிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். அவர் நடந்த மண்ணில் உள்ளோர்க்குச் சொற்பஞ்சம் என்பது வெட்கக்கேடு.

நூற்பாலைத் தொழிற்சங்கங்கள் முதலில் தம் அறிவிப்புப் பலகையில் தொடங்கட்டும். உணவு வரிசை, பொறிநிரை, மின்பாதை, தொலைபேசி இணைப்பு என்று நான்கு சொற்களை எழுதி வைத்தாலும் போதும். வாடகைக்கு விடுவோர் ‘லைன் வீடு’ என்னும் அட்டையை எடுத்துவிட்டு ‘வளவு வீடு’ என்று தொங்கவிடட்டும். வாடகை குறையாது.