ஒன்லைனில் இருந்தால் போதுமா?

2022 ஜூனில் எரிபொருள் தட்டுப்பாட்டால் அரச ஊழியர்களையே வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். எனது கடையில் கணக்குப் பார்க்கும் தம்பியும் அப்போதுதான் அதற்குப் பழகினார். இன்றும் அவருக்கு வாரத்தில் இரண்டு நாள் வீடு, மற்ற நாட்கள் கடை.

ஆனால், கண்ணெதிரே இல்லாதவர் வேலை செய்கிறாரா என்ற சந்தேகம் முதலாளிமாரை விடுவதில்லை. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2022இல் 11 நாடுகளில் நடத்திய ஆய்வில், தாம் ஒழுங்காக வேலை செய்வதாக 87 வீத ஊழியர்கள் கூறினர். அதை நம்புவது சிரமமாகிவிட்டது என 85 வீத மேலதிகாரிகள் கூறினர். சந்தேகம் கூடினால் நடிப்பும் கூடும். 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகையில் வேலை நடப்பதுபோல் பாவனை காட்டிய பத்துக்கு மேற்பட்டோரை நீக்கியது.

நானும் அந்தத் தம்பிக்கு அரை மணிக்கொரு தடவை வட்ஸ்அப் அனுப்பினேன். பதில் உடனே வந்தது. மாத முடிவில் நிலுவைப் பட்டியல்தான் வரவில்லை. "முதலாளி, உங்களுக்குப் பதில் போட்டே நேரம் போயிட்டு" என்றார். தவறு என்னுடையது.

இப்போது திங்கள் காலை மூன்று வேலைகளை எழுதிக் கொடுக்கிறேன். வியாழன் மாலை கணக்குக் கேட்கிறேன். இடையில் தொல்லை கொடுப்பதில்லை. பட்டியல் நேரத்துக்கு வருகிறது. நீங்களும் ஒரு மாதம் செய்து பாருங்கள்.