தோட்டத்துச் சுவர்: அழகா? ஆபத்தா?

2019-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ந் தேதி. மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் இன்னும் பொழுது விடியவில்லை. பலத்த மழை. சின்னஞ்சிறு வீடுகளில் குழந்தை குட்டிகளோடு எல்லோரும் தூங்கிக்கொண்டு இருந்தார்கள்.

பக்கத்தில் வசதி உள்ள ஒருவரின் வீட்டுச் சுவர். கருங்கல் சுவர். சுமார் 20 அடி உயரம். மழையில் ஊறிய அந்தச் சுவர் திடீரென்று சரிந்தது. 17 உயிர்கள் பறிபோயின!

இறந்தவர்கள் அருந்ததியர் மக்கள். "அந்தச் சுவர் ஆபத்தானது என்று முன்பே சொன்னோம், யாரும் கேட்கவில்லை" என்று உறவினர்கள் கதறினார்கள். அது தீண்டாமைச் சுவர் என்றும் பலர் குற்றம் சாட்டினார்கள்.

இத்தனை ஆண்டுகள் ஆகியும் அந்தச் சாவு சொன்ன பாடத்தை எத்தனை பேர் படித்தார்கள்? சுவர் கட்டுகிறவர்கள் கல்லைப் பார்க்கிறார்கள், சிமெண்டைப் பார்க்கிறார்கள், அழகைப் பார்க்கிறார்கள். தண்ணீரைப் பார்ப்பது இல்லை.

தண்ணீரின் பலம்

கொங்கு நாடு மேடும் பள்ளமும் நிறைந்த பூமி. மேட்டுப்பாளையம், கோத்தகிரி, குன்னூர், வால்பாறை என்று மலையை ஒட்டிய ஊர்களில் சரிவிலே வீடு கட்டுகிறார்கள். சரிவைச் சமப்படுத்தினால்தான் பூச்செடி வைக்கலாம், காய்கறி போடலாம். சமப்படுத்திய மண் சரியாமல் இருக்க ஒரு தடுப்புச் சுவர் வேண்டும்.

மண்ணைத் தாங்கும் சுவர் வேறு. மறைப்புக்குக் கட்டும் சுவர் வேறு. மறைப்புச் சுவர் தன் எடையைத் தாங்கினால் போதும். தடுப்புச் சுவரையோ மண் இரவும் பகலும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. மழைக் காலத்தில் மண்ணோடு தண்ணீரும் சேர்ந்து தள்ளுகிறது.

தண்ணீருக்கு அவ்வளவு பலமா? ஆம்! ஒரு கன அடித் தண்ணீரின் எடை 28 கிலோ. 3 அடி உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழுவதும் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு அடி நீளத்தையும் அது 127 கிலோ அளவுக்குத் தள்ளும். சுவர் 6 அடி என்றால்? 500 கிலோவுக்கு மேல்! உயரம் 2 மடங்கு ஆனால் தள்ளும் பலம் 4 மடங்கு ஆகிறது. 20 அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஒவ்வொரு அடிக்கும் ஐந்தரை டன்! இது தண்ணீரின் கணக்கு மட்டும். மண்ணின் கணக்கு தனி.

கரிசல் மண் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது மழையில் உப்பும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். ஆண்டுதோறும் சுவரை அசைத்துக்கொண்டே இருக்கும்.

சிலிப்பர் கட்டை

தோட்டச் சுவருக்குக் கல்லை விட்டு மரத்தை நாடுகிறவர்களும் உண்டு. ரெயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய சிலிப்பர் கட்டைகளை வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தடுப்புச் சுவர் அமைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் இது பழகிய முறை.

அகல ரெயில் பாதைக் கட்டை 9 அடி நீளம், 10 அங்குல அகலம், 5 அங்குல கனம் உள்ளது. சால், தேக்கு, கோங்கு போன்ற உறுதியான மரங்களில் அறுத்தது. இந்திய ரெயில்வேயில் இப்போது கான்கிரீட் கட்டைகளே பெரும்பாலும் போடப்படுகின்றன. கழித்துப் போட்ட மரக் கட்டைகள் ஏலம் போய் மரக் கடைகளுக்கு வருகின்றன.

பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்குமுன் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும்.

ஒன்று, கறையான். எத்தனை உறுதியான மரமானாலும் ஈர மண்ணில் புதைந்து கிடந்தால் ஒரு நாள் உளுத்துப் போகும். வெளியே பளபளப்பு, உள்ளே பொடி! கல் சுவர் போல அது தலைமுறைக்கு நிற்காது.

இரண்டு, விஷம். உளுக்காமல் இருக்கப் பல கட்டைகளுக்குக் கிரியோசோட் என்ற தார் எண்ணெயை ஏற்றியிருப்பார்கள். அது உடம்பில் பட்டால் எரிச்சல் உண்டாகும். புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்றும் கருதப்படுகிறது. ஐரோப்பிய நாடுகளில் 2003-ம் ஆண்டு முதல் அதைப் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது. எண்ணெய் ஏற்றிய பழைய கட்டைகளைக் குழந்தைகள் விளையாடும் இடத்திலும், கை படக்கூடிய தோட்டத்திலும் போடக் கூடாது என்றும் அங்கே சட்டம் செய்தார்கள்.

கட்டை கருத்து, தார் வாசனை அடித்தால் வாங்காதீர்கள். கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். அறுத்த துண்டுகளை வெந்நீர் அடுப்பில் வைத்து எரிக்கவும் கூடாது. அந்தப் புகை நஞ்சு!

எப்படிக் கட்டுவது?

எண்ணெய் ஏற்றாத நல்ல கட்டை கிடைத்தால், 2 அடி, 3 அடி உயரத்துக்குத் தாராளமாகக் கட்டலாம். அதற்கு மேல் போகிறவர்கள் பொறியாளரைக் கேட்காமல் கடப்பாரையைத் தொடக் கூடாது.

நிற்கும் கம்பங்கள் வெளியே எவ்வளவு தெரிகிறதோ, அதே அளவு மண்ணுக்குள்ளும் இருக்க வேண்டும். சுவர் மேட்டுப் பக்கமாகச் சற்றே சாய்ந்து நிற்க வேண்டும். செங்கல் வரிசை போல, ஒரு கட்டையின் மூட்டுக்கு நேர் மேலே இன்னொரு மூட்டு வரக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்: சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி கொட்ட வேண்டும். அதன் அடியில், துளையிட்ட குழாய் ஒன்றைச் சாய்வாகப் போட்டு, தண்ணீரை வெளியே விட வேண்டும். கருங்கல் சுவர் என்றால் இந்த ஜல்லியோடு சுவரிலும் அங்கங்கே நீர் வடியும் துளைகள் வேண்டும். அந்தத் துளைகளைச் சிலர் அசிங்கம் என்று பூசி மூடிவிடுகிறார்கள். அது சுவரின் கழுத்தை நெரிப்பதாகும்.

இது புது வித்தை அல்ல. சிமெண்டு வராத காலத்தில் சுண்ணாம்பு கூட இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டினார்கள். சந்து வழியாகத் தண்ணீர் வடிந்துவிடும். மண் மட்டும் நிற்கும். சரிவு சிறியது என்றால் சுவர் கூட வேண்டாம். வெட்டிவேர் போதும். வரிசையாக நட்டால் அதன் வேர் 10 அடி ஆழம் வரை இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

மேட்டு வீட்டாரின் கடமை

சுவர் கட்டுகிறவர் தன் பக்கம் நின்று பார்க்கிறார். செடி தெரிகிறது, பூ தெரிகிறது. ஒரு முறை மறுபக்கம் இறங்கிப் போய் நின்று பார்க்க வேண்டும். அங்கே யார் இருக்கிறார்கள்? சுவர் சாய்ந்தால் யார் தலையில் விழும்? சரிவான ஊரில் மேட்டில் இருப்பவர் பெரும்பாலும் வசதி உள்ளவர். பள்ளத்தில் இருப்பவர் ஏழை. சுவரின் அழகு மேலே இருப்பவருக்கு. ஆபத்து கீழே இருப்பவருக்கு. இது என்ன நியாயம்?

ஆகவே, தடுப்புச் சுவரைச் சொந்த விஷயம் என்று விட்டுவிட முடியாது. ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்னால் ஊராட்சியும் நகராட்சியும் உயரமான சுவர்களைப் பார்வையிட வேண்டும். வெடிப்பு, வீக்கம், சாய்வு, அடைபட்ட துளை இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே சரி செய்யச் சொல்ல வேண்டும். செய்யாவிட்டால் இடிக்க வேண்டும். கீழே குடியிருப்பவர் புகார் கொடுத்தால், அதை மழைக்கு முன்பே விசாரிக்க வேண்டும். சாவுக்குப் பின்பு அல்ல.

சுவர் கட்டியிருப்பவர்கள் அதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டியது இல்லை. அடுத்த மழையின்போது குடை பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். துளைகளில் தண்ணீர் ஒழுகினால் நல்லது. மழை கொட்டியும் ஒரு சொட்டுக் கூட வரவில்லை என்றால், கீழ் வீட்டாரை முதலில் எச்சரியுங்கள். மழை விட்டதும் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.