குற்றவாளிக்கும் ஒரு தூதரகம்

2019 ஜூலை 17 அன்று குல்பூஷன் ஜாதவ் வழக்கில் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்தியாவெங்கும் மகிழ்ச்சி. பாகிஸ்தான் இராணுவ நீதிமன்றம் மரணதண்டனை விதித்த ஓர் இந்தியரை நம் தூதரக அதிகாரிகள் சந்திக்க விடாதது ஒப்பந்த மீறல் என்று 16 நீதிபதிகளில் 15 பேர் கூறினார்கள். அன்று மகிழ்ந்தவர்களில் எத்தனை பேருக்கு அத்தீர்ப்பின் முன்னோடி எதுவென்று தெரிந்திருக்கும்? அமெரிக்கச் சிறைகளில் மரணத்துக்குக் காத்திருந்த மெக்ஸிகோ நாட்டவர்களுக்காகப் பெறப்பட்ட தீர்ப்பு அது.

தூதரக உறவுகள் பற்றிய 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆவது பிரிவு கேட்பது மிகச் சிறிய விஷயம். அயல்நாட்டவர் ஒருவரைக் கைது செய்தால், தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் அனுப்பக் கோரும் உரிமை அவருக்கு உண்டு என்பதைத் தாமதமின்றி அவரிடம் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம்.

1993-இல் டெக்சாஸின் ஹூஸ்டன் நகரில் 14, 16 வயதுள்ள இரு சிறுமிகளை ஒரு கும்பல் வன்புணர்ந்து கொன்றது. கும்பலில் ஒருவர் மெக்ஸிகோ நாட்டவரான ஹோசே மெடலின், வயது 18. குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை. மெக்ஸிகோ தூதரகத்துக்கு விஷயம் எட்டியது 1997-இல், மரணதண்டனை விதிக்கப்பட்ட பிறகு. அவர் முறையிட்டபோது, விசாரணையின்போதே இதை எழுப்பியிருக்க வேண்டும் என்றன டெக்சாஸ் நீதிமன்றங்கள். இருப்பதாகவே சொல்லப்படாத உரிமையை உரிய காலத்தில் கேட்கவில்லையாம்!

மெக்ஸிகோ சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 51 மெக்ஸிகோ நாட்டவர்களின் உரிமை மீறப்பட்டது, அவர்களது தண்டனைகளை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று 2004 மார்ச் 31 அன்று தீர்ப்பாயிற்று. முன்பு டெக்சாஸின் ஆளுநராக இருந்த அதிபர் புஷ்ஷே அதை ஏற்று நடக்கும்படி மாநிலங்களிடம் சொன்னார். ஆனால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றாதவரை அத்தீர்ப்பு மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது, அதிபராலும் கட்டாயப்படுத்த முடியாது என்று 2008 மார்ச்சில் அமெரிக்க உச்சநீதிமன்றம் முடிவு செய்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 5 அன்று மெடலின் கொல்லப்பட்டார்.

குற்றம் உறுதியான பின் தூதரகம் வந்து என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தூதரகம் யாரையும் நிரபராதி ஆக்குவதில்லை. நல்ல வழக்கறிஞரையும் மொழிபெயர்ப்பாளரையும் ஏற்பாடு செய்யும். பிறந்த ஊரிலிருந்து பள்ளி, மருத்துவ ஆவணங்களையும் உறவினர் சாட்சியங்களையும் திரட்டித் தரும். ஆயுளா, மரணமா என்று ஜூரிகள் தீர்மானிக்கும் இடத்தில் எடை பெறுபவை இவைதாம். அந்த 51 பேரில் ஒருவருக்கு ஒக்லஹோமாவின் ஆளுநர் 2004-இலேயே மரணதண்டனையை ஆயுள்தண்டனையாகக் குறைத்தார். மனமிருந்தால் ஒரு மாநிலத்தால் முடியும் என்பதற்கு இது சாட்சி.

1979-இல் தெஹ்ரானில் தன் தூதரகத்தினர் பிணையாகப் பிடிக்கப்பட்டபோது இதே நீதிமன்றத்துக்கு, இதே ஒப்பந்தத்தையும் ஏந்திக்கொண்டு ஓடிய நாடு அமெரிக்கா. தனக்கு எதிராகத் தீர்ப்பு வந்ததும், 2005 மார்ச்சில், இவ்வழக்குகளை அந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல வழிசெய்யும் துணை ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டது.

ஜாதவ் வழக்கில் பாகிஸ்தானின் வாதங்களில் ஒன்று, உளவாளிக்கு 36-ஆவது பிரிவு பொருந்தாது என்பது. இப்படிப்பட்டவனுக்கு உரிமை எதற்கு என்பதே அதன் சாரம். டெக்சாஸின் பிடிவாதத்துக்கு அடியில் இருந்ததும் இதே எண்ணம்தான். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தண்டனையை ரத்து செய்து அவரை விடுவிக்கும்படி இந்தியா கேட்டதையும் அது தரவில்லை. மெக்ஸிகோ நாட்டவர்களுக்குக் கிடைத்த அதே மறுபரிசீலனைதான் ஜாதவுக்கும் கிடைத்தது.

ஆகவே, நம்மவருக்கான நீதியைக் கொண்டாடுகிற நாம், ஹூஸ்டனின் கொடுங்குற்றவாளிக்கு இழைக்கப்பட்டதும் அநீதியே என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள். நிரபராதிகளுக்கு மட்டும் என்று இந்த உரிமையைச் சுருக்கினால், யார் நிரபராதி என்று தீர்மானிக்கும் முதல் அதிகாரம் கைது செய்தவரிடமே போய்விடும். இந்தியாவும் இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு. நம் காவல்நிலையங்களில், மொழி தெரியாமல் நிற்கும் ஓர் அயல்நாட்டவரிடம் அந்த ஒரு வாக்கியம் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லப்படுகிறதா? தி ஹேக் தீர்ப்பைக் கொண்டாடியவர்கள் அடுத்துக் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.