இழுப்பறையில் ஒரு ஹேண்டி



நாகப்பட்டினத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். இன்லேண்ட் கடிதம். இடம் போதாமல் ஓரத்திலும் திருப்பி எழுதியிருக்கிறார். "ஹாம் ரேடியோ உரிமம் வாங்கி 14 வருடம் ஆகிறது. அப்போது ஆசைப்பட்டு வாங்கிய ஹேண்டி வீட்டில் கிடக்கிறது. அதில் பேசி ஐந்தாறு வருடமாவது இருக்கும். சார்ஜ் நிற்பதில்லை. 'தாத்தா, பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாமா?' என்று பேரன் கேட்கிறான். என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்."

ஐயா, போட்டுவிடாதீர்கள். இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் உங்களுக்கான பதில்தான். உங்களைப் போல இன்னும் பலர் வீட்டு இழுப்பறையில் ஒரு ஹேண்டி உறங்கிக்கொண்டிருக்கும் என்பதால் அச்சிலேயே எழுதுகிறேன்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு இரண்டு வரி. தேர்வு எழுதி, மத்திய அரசின் உரிமம் பெற்று, லாப நோக்கமில்லாமல் வானொலியில் ஒருவரோடு ஒருவர் பேசுகிறவர்கள் ஹாம்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி உண்டு. இந்தியாவில் பெரும்பாலும் வி.யூ.2, வி.யூ.3 என்று தொடங்கும். கைக்கு அடக்கமான செட்டைத்தான் ஹேண்டி என்கிறோம். காவலர் கையில் இருக்கும் வாக்கிடாக்கி மாதிரிதான் இருக்கும். நாம் பேசுவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள, ஹாம்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில். சக்தி 5 வாட். வீட்டு இரவு விளக்கு எரிய ஆகும் மின்சாரம் அவ்வளவே.

என் ஹேண்டிக்கு இப்போது 19 வயது. அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனாலும் 2015 டிசம்பர் முதல் வாரத்து இரவு ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சென்னையில் அந்த வாரம் என்ன நடந்தது என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் மறந்திருக்காது. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மின்சாரம் இல்லை. செல்போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, சாயங்காலத்துக்குள் ஒன்றும் இல்லை. அப்போதுதான் எனக்கு ஹேண்டி நினைவு வந்தது. அலமாரியிலிருந்து எடுத்து மொட்டை மாடிக்கு ஓடினேன். குமிழைத் திருப்பியதும் விளக்கு எரிந்தது, குரல்கள் கேட்டன. யாரோ ஒருவர் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்: எந்தத் தெருவில் தண்ணீர் ஏறுகிறது, யாருக்கு மருந்து வேண்டும், யார் பக்கத்தில் படகு இருக்கிறது. நடுவே எங்கள் பகுதியின் பெயரைச் சொல்லி, "அங்கே யாராவது கேட்கிறீர்களா?" என்றார். பொத்தானை அழுத்தினேன். செட் அணைந்துவிட்டது. மறுபடி போட்டால் அவர் குரல் கேட்டது. மறுபடி அழுத்தினால் மறுபடி அணைந்தது.

அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் எனக்குக் கேட்டது. பதில் சொல்ல முடியவில்லை.

காரணம் எளிது. கேட்கும்போது இந்த செட் இழுக்கும் மின்னோட்டத்தைவிடப் பேசும்போது இழுப்பது பத்து மடங்குக்கும் மேல். பயன்படுத்தாமல் கிடந்த பழைய பேட்டரியில் உள்தடை ஏறிவிடும். கேட்கும் அளவுக்குக் கொடுக்கும். பேசும் அளவுக்குக் கேட்டால் மின்னழுத்தம் பொத்தென்று விழும், செட் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். பேச்சுச் சக்தியை அரை வாட்டுக்கு இறக்கினால் அந்தப் பேட்டரியிலும் நாலு வாக்கியம் பேசலாம். எல்லா நல்ல ஹேண்டியிலும் அதற்கு வழி உண்டு. எந்தப் பொத்தான் என்றுதான் எனக்கு மறந்திருந்தது. இருட்டில், மழையில், ஒவ்வொன்றாக அழுத்திக் கண்டுபிடிக்கக் கால்மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு போன என் முதல் வாக்கியம் அவருக்குக் கிடைத்தது. தெருக்கோடி வீட்டில் தனியாக இருந்த ஒரு வயதான அம்மாவைப் பற்றிச் சொன்னேன். மறுநாள் காலை அந்த அம்மா வீட்டு வாசலுக்குப் படகு வந்தது.

அந்தக் கால்மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. செட் நல்ல செட். உரிமம் இருந்தது. மாடியும் இருந்தது. நான்தான் அதை ஏழெட்டு மாதமாகக் கையில் எடுக்கவில்லை.

அதனால் ஐயா, உங்கள் செட்டுக்கு வருகிறேன். முதலில் பேட்டரியைக் கழற்றி அது எந்த வகை என்று பாருங்கள். ஒவ்வொரு வகைக்கும் பராமரிப்பு வேறு. நம் தலைமுறைக்குப் பழக்கமானது நிக்கல் காட்மியம். முழுக்கக் காலி செய்துவிட்டுப் பிறகு சார்ஜ் போடு என்று அதற்காக நமக்குச் சொல்லித்தந்தார்கள். அந்தப் பழக்கத்தை லித்தியம் பேட்டரியிடம் காட்டினால் அதைக் கொன்றுவிடுவோம். லித்தியத்தை அடியோடு காலியாக விடவே கூடாது. நாள்கணக்கில் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுப் போனால் ஒரே கோடையில் அதன் ஆயுள் சரிந்துவிடும். உப்பிப்போன லித்தியம் பேட்டரியைத் தயவுசெய்து சார்ஜில் போடாதீர்கள். அதற்கு மீட்சி கிடையாது, தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. என் செட்டில் வந்தது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 7.2 வோல்ட். அது சும்மா கிடந்தாலே சில மாதத்தில் தானாகக் காலியாகிவிடும். 2015-ல் எனக்கு நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

செட்டோடு வந்த பேட்டரி செத்துவிட்டால் செட்டும் செத்தது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. நிறைய மாடல்களுக்குச் சாதாரண பென்டார்ச் செல்களைப் போட்டு இயக்க ஒரு கூடு கிடைக்கும். என் செட்டுக்கு ஆறு செல். 2005-ல் சான்யோ கொண்டுவந்த எனிலூப் மாதிரியான, மெதுவாகக் காலியாகும் ரீசார்ஜ் செல்கள் ஒரு வருடம் கழித்து எடுத்தாலும் பெரும்பகுதி சார்ஜோடு இருக்கும். நான் இன்று நம்புவது அவற்றைத்தான். ஒன்று மட்டும்: செல்களைக் கூட்டுக்குள்ளேயே விட்டுவைக்காதீர்கள், தனி டப்பாவில் வையுங்கள். சாதாரண ஆல்கலைன் செல் கசிந்தால் வெளிவரும் காரம் செம்புத் தகடுகளைத் தின்றுவிடும். ஏற்கெனவே கசிந்து வெள்ளை பூத்திருந்தால் காது துடைக்கும் குச்சியில் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இன்னொரு முறை துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். நாகையின் உப்புக் காற்றில் ஆன்டெனா திருகும் இடத்துக்கும் இந்தத் துடைப்பு வருடத்துக்கு இரண்டு முறை வேண்டும்.

அடுத்தது ஆன்டெனா. செட்டோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா சட்டைப்பைக்கு வசதி, பேச்சுக்கு வசதியில்லை. நம் அலையின் நீளம் சுமார் 2 மீட்டர். அதில் கால் பங்கு, ஏறக்குறைய 50 சென்டிமீட்டர், ஆன்டெனாவுக்கு இயல்பான நீளம். செலவில்லாத வழி ஒன்று உண்டு. 50 சென்டிமீட்டர் வயரை எடுத்து, ஒரு முனையைச் சீவி, ஆன்டெனாவின் அடியில் உள்ள வெளி உலோக வளையத்தைத் தொடும்படி சுற்றி, வால் போலக் கீழே தொங்கவிடுங்கள். எதிர்முனையில் கேட்பவரே வித்தியாசத்தைச் சொல்வார். புது ஆன்டெனா வாங்குவதானால் செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்: ஜப்பான் செட்டுகளில் பெரும்பாலும் துளை இருக்கும், சீன செட்டுகளில் பெரும்பாலும் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். மாறி வாங்கியவர்கள் பலர். செட்டை ஆன்டெனாவைப் பிடித்துத் தூக்குவதை மட்டும் வீட்டில் யாருக்கும் பழக்காதீர்கள்.

உயரம் எல்லாவற்றையும்விடப் பெரியது. இந்த அலை ஏறக்குறைய கண் பார்வை போலத்தான் போகும். தெருவில் நிற்கும் இருவர் கட்டடங்களுக்கு நடுவே இரண்டு மூன்று கிலோமீட்டர் பேசினால் அதிகம். தரையிலிருந்து 10 மீட்டர் உயர மாடிக்கு வானொலி அடிவானம் 13 கிலோமீட்டர் தள்ளிப்போகிறது. கொடைக்கானல் உயரமான 2100 மீட்டரில் அதுவே 180 கிலோமீட்டரைத் தாண்டும். மலைமேல் ரிப்பீட்டர் வைப்பது இதற்காகத்தான்: நம் 5 வாட் குரலை அங்கே வாங்கி, அந்த உயரத்திலிருந்து மறுபடி ஒலிபரப்பும்.

ரிப்பீட்டரில் பேசும்போது ஒரு பழக்கம் கைக்கு வர வேண்டும். பொத்தானை அழுத்திய உடனே பேசக் கூடாது. அரை வினாடி பொறுக்க வேண்டும். ரிப்பீட்டர் விழித்துக்கொள்ள அவ்வளவு நேரம் ஆகும். பொறுக்காவிட்டால் "வணக்கம்" என்பது அந்தப் பக்கம் "க்கம்" என்று விழும். காலை நேரத்து நெட்டில், அதாவது ஹாம்கள் தினமும் குறித்த நேரத்தில் கூடும் வானொலிச் சந்திப்பில், ஒரு மாதம் கலந்துகொண்டால் போதும், கட்டைவிரல் அந்த அரை வினாடியைத் தானே கற்றுக்கொண்டுவிடும். அங்கே பேசுவது ஒன்றும் பெரிய விஷயமல்ல. உங்கள் பக்கம் மழையா, தூறலா, என் குரல் எப்படி வருகிறது, அவ்வளவுதான். முதலில் எனக்கும் இது வெற்றுப் பேச்சாகத் தோன்றியது. 2015-க்குப் பிறகு நான் ஒரு வாரம்கூடத் தவறவிடுவதில்லை. ஹேண்டியை நீண்டநாள் காப்பாற்றும் வழி என்று கேட்டால், துடைப்பதையும் சார்ஜ் போடுவதையும்விட இதைத்தான் முதலில் சொல்வேன்.

இங்கே ஹாம் பாரதி பிரசாத் அவர்களை நினைத்துக்கொள்கிறேன். 2004 டிசம்பரில் அந்தமானிலிருந்து ஹாம் ஒலிபரப்பு நடத்த, வெகு காலமாகக் கிடைக்காதிருந்த அனுமதியைப் பெற்று, ஒரு குழுவோடு போர்ட் பிளேர் போயிருந்தார். உலகெங்கும் உள்ள ஹாம்களோடு அந்தத் தீவிலிருந்து தொடர்புகொள்வது மட்டுமே நோக்கம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் பொழுதுபோக்கு. அந்த மாதம் 26-ஆம் தேதி கடல் பொங்கியது. தீவுகளின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தபோது அவருடைய நிலையம் இயங்கிக்கொண்டிருந்தது. பெரிய சிற்றலை நிலையம் அது, ஹேண்டி அல்ல. ஆனாலும் கருவி சூடாக இருந்தது, ஆன்டெனா நின்றுகொண்டிருந்தது, அதன் ஒவ்வொரு பொத்தானும் அவர்கள் விரலுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் தீவிலிருந்த உறவினர்கள் நலமா என்று தவித்தவர்களுக்குச் செய்தி போய்ச்சேர்ந்தது. உங்கள் ஊர் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கண்ட ஊர். இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மழைக்காகவும் வெள்ளத்துக்காகவும் மட்டும் வைத்திருக்க வேண்டுமா என்றால், இல்லவே இல்லை. 1983-ல் ஓவன் கேரியட் கொலம்பியா விண்ணோடத்திலிருந்து கையடக்க செட் ஒன்றை வைத்துத்தான் பூமியிலுள்ள ஹாம்களோடு பேசினார். இன்று விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் போகும்போது, அதிலுள்ள ஹாம் நிலையம் இயங்கினால் 145.800-ல் உங்கள் செட்டிலேயே கேட்கலாம். பேரனைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போங்கள். பத்து நிமிடத்துக்குள் குரல் எழுந்து அடங்கிவிடும். 12 வயது ஆகியிருந்தால் அவனே உரிமத் தேர்வு எழுதலாம்.

உரிமம் பற்றிக் கண்டிப்பாக ஒரு வார்த்தை. சில ஆயிரம் ரூபாய்க்குச் சீன ஹேண்டிகள் கிடைக்கின்றன. மாணவர்களுக்கு அவை நல்ல தொடக்கம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உரிமம் இல்லாமல் வாங்கி வைத்திருப்பதே தவறு. 1933-ஆம் ஆண்டுச் சட்டம் முதற்கொண்டு அப்படித்தான். காவல்துறையும் விமானங்களும் மீனவர்களும் பேசும் அலைகளுக்குப் பக்கத்தில் நாம் இருக்கிறோம். தெரியாமல் அழுத்தும் ஒரு பொத்தான் வேறொருவர் உயிர்ப்பேச்சின் மேல் விழலாம்.

கடைசியாக ஒன்று. ஹாம் ஒருவர் காலமானால் 'சைலன்ட் கீ' ஆகிவிட்டார் என்று சொல்வோம். மோர்ஸ் தட்டும் சாவி மௌனமாகிவிட்டது என்று பொருள். அவர் வீட்டார் செட்டை என்ன செய்வதென்று தெரியாமல் எடைக்குப் போட்ட கதைகள் எனக்குத் தெரியும். அவருடைய உரிமம் வீட்டாருக்கு வராது. ஆனால் செட்டை உரிமம் உள்ள இன்னொருவர் கைக்கு மாற்றலாம். என் ஹேண்டியின் பெட்டிக்குள் ஒரு தாள் வைத்திருக்கிறேன். வாங்கிய ஆண்டு, ரிப்பீட்டர் அலைவரிசைகள், அரை வாட்டுக்கு எந்தப் பொத்தான், எனக்குப் பிறகு யாரிடம் கொடுக்க வேண்டும், இவ்வளவும் அதில் இருக்கின்றன. நீங்களும் எழுதி வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில நாள் இருக்கிறது. இன்றிரவே இழுப்பறையைத் திறந்து, பேட்டரியை வெளியே எடுத்துப் பாருங்கள் ஐயா. பிறகு மாடிக்குப் போய், பொத்தானை அழுத்தி, அரை வினாடி பொறுத்து, உங்கள் அழைப்புக்குறியைச் சொல்லுங்கள். யார் பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். இன்னொரு இன்லேண்ட் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்