ஃபார்மேட் கடைசி மருந்து!

மோட்டார் ஓடவில்லை என்றால் கோவைக்காரர் யாரும் உடனே காயில் கட்டக் கொடுப்பதில்லை. முதலில் ஃபியூஸையும் கெப்பாசிட்டரையும்தான் பார்ப்பார். ஆனால் லினக்ஸ் கம்ப்யூட்டர் கறுப்புத் திரையோடு நின்றால் மட்டும் "ஃபார்மேட் போட்டுடுங்க" என்கிறோம். இது தவறு என்பது என் கருத்து.

சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கிறார் என் மாமா. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அவருடைய பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறாது என்பதால் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். சில வாரங்களில், அப்டேட் செய்து ரீஸ்டார்ட் செய்தபோது திரை கறுப்பாகிவிட்டது. அவர் எடுத்துச் சென்ற கடையில் ஃபார்மேட் செய்து கொடுத்தார்கள். நூல் வரவு, கூலி பாக்கி என்று எல்லாக் கணக்கும் போய்விட்டது. அடுத்த அப்டேட் முடிந்ததும் எனக்கு போன் வந்தது: "மாப்ள, மறுக்காவும் கறுப்பாயிப் போச்சு!"

ஹார்டு டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. அப்டேட்டில் வந்த புதிய கெர்னல், அவருடைய கிராபிக்ஸ் கார்டோடு ஒத்துப்போகவில்லை. அவ்வளவுதான்!

இப்படி நேர்ந்தால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எஸ்கேப் கீயை ஓரிரு முறை தட்டுங்கள். பழைய பயாஸ் உள்ள கம்ப்யூட்டர் என்றால் ஷிப்ட் கீயை அழுத்திப் பிடியுங்கள். கிரப் மெனு தோன்றும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' சென்று பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் டெஸ்க்டாப் வந்துவிடும்.

வரவில்லையா? மெனுவின் முதல் வரியில் நின்று ஆங்கில 'இ' கீயைத் தட்டுங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் ஒரே சொல்லாக டைப் செய்து எஃப் 10 தட்டுங்கள். கார்டின் டிரைவரை ஒதுக்கிவிட்டு, சாதாரணத் திரையோடு பூட் ஆகும். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டுமே. உள்ளே போனதும் டிரைவர் மேனேஜரில் சரியான டிரைவரைப் போட்டுக் கொள்ளுங்கள்.

இதற்கும் மசியாவிட்டால், லினக்ஸ் உள்ள பென்டிரைவிலிருந்து பூட் செய்து ஃபைல்களை வெளியே காப்பி செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் ஃபார்மேட்.

2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பாஸ் லினக்ஸையும் கொடுத்தார்கள். நான் பார்த்த பல வீடுகளில் அதை முதல் வேலையாக அழித்தார்கள். காரணம் லினக்ஸ் அல்ல. சிக்கினால் மீள்வது எப்படி என்று யாரும் சொல்லித் தராததுதான். லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் நாம் இந்த கிரப் மெனுவையும் ஒருமுறை காட்டிக் கொடுத்தால் என்ன?

மாமாவின் கம்ப்யூட்டர் பத்தே நிமிடத்தில் சரியானது. போன கணக்கு மட்டும் திரும்பி வரவே இல்லை.