விட்டம் ஒன்று, கழுத்து வேறு

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிந்துவிடாமல், மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றிப் பயன்படுத்துவது அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் பழைய வழக்கம். சுடும்போது கூடு விரிந்து, ரைஃபிளில் தோட்டா அமரும் அறையான சேம்பரின் அளவுக்கு வந்துவிடும். உடம்பை அப்படியே விட்டு, குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் 'டை' என்னும் அச்சுக்குள் தள்ளி இறுக்குவதும் ஒரு முறை. இதைச் செய்பவர்களிடையே ஒரு பேச்சு உண்டு: "0.308 அங்குலக் குண்டு போடும் தோட்டாவுக்கெல்லாம் ஒரே டை போதும், தனித்தனியாக வாங்குவது வீண் செலவு." இந்தப் பேச்சை நம்பி ஆரம்பிப்பவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

முதல் வாதம், குண்டு ஒன்றானால் டையும் ஒன்று என்பது. 0.308 என்பது குண்டின் அளவு. டைக்குள் முதலில் நுழைவதோ கூடு. .300 வின்செஸ்டர் மேக்னமும் அதே குண்டைத்தான் சுடுகிறது. ஆனால் அதன் கூடு அடிப்பக்கம் 0.513 அங்குலம், .308 வின்செஸ்டரின் கூடு 0.470. மேக்னம் கூட்டை .308 டைக்குள் முழுக்கச் செலுத்தவே முடியாது. அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

அடுத்த வாதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். .30-06 ஸ்பிரிங்ஃபீல்டும் (1906) .308 வின்செஸ்டரும் (1952) கூட்டின் அடியைப் பிடிக்கும் ஒரே ஷெல் ஹோல்டரில் பொருந்தும். அடிவிட்டமும் ஏறக்குறைய ஒன்றே. "பிறகென்ன, .30-06 டையிலேயே இரண்டையும் முடித்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். நீளத்தைப் பாருங்கள். .308 கூடு வாய்வரை 2.015 அங்குலம். .30-06 கூடு 2.494. அதன் கழுத்து தொடங்குவதே அடியிலிருந்து சுமார் 2.11 அங்குலத்தில். கூட்டை டைக்குள் ஏற்றும் பிரஸ்ஸின் கைப்பிடியைக் கடைசிவரை அழுத்தி, ஷெல் ஹோல்டர் டையின் அடியில் முட்டினாலும், .308 கூட்டின் வாய் .30-06 டையின் கழுத்துப் பகுதியை எட்டாது. இறுக வேண்டிய கழுத்து அப்படியே நிற்கும். முழுக்கூட்டையும் சுருக்கும் டையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். உடம்பு கழுத்தாகச் சரியும் இடமான தோள் .308இல் 0.454 அங்குலம், .30-06 டை அந்த உயரத்தில் அதைவிட ஒடுங்கலானது. தொட வேண்டாம் என்று ஒதுக்கி வைத்த உடம்புதான் அங்கே நசுங்கும்.

இதைத் திருப்பிப் போட்டால் கதை மாறும், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். .308 டையில் .30-06 கூட்டின் கழுத்தை இறுக்க முடியும். டையைச் சுமார் 0.4 அங்குலம் மேலே தூக்க வேண்டும். டையின் மரை அங்குலத்துக்கு 14 சுற்று, ஆகவே ஏறத்தாழ ஐந்தரைச் சுற்று. .30-06இன் தோள் 0.441 அங்குலம்தான், .308 டைக்குள் எங்கும் உரசாமல் போய்விடும். ஆனால் உரசாத உடம்பை நேராகப் பிடித்துக்கொள்ளவும் உள்ளே எதுவும் இல்லை, கழுத்து கொஞ்சம் கோணலாக இறுகலாம். கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பைச் சுட்டபின் தட்டி நீக்கும் ஊசியும் எட்டாமல் போகும், அதைத் தனியாகச் செய்ய வேண்டும். அவசரத்துக்கு இது நல்ல தந்திரம். இதை வைத்து 'ஒரே டை எல்லாவற்றுக்கும்' என்று பேசுவது பொருந்தாது.

கழுத்தை இறுக்கும் வளையத்தை (புஷிங்) மாற்றக்கூடிய புஷிங் டை வைத்திருப்பவர்கள் சொல்வதில் இன்னும் உண்மை அதிகம். .243 வின்செஸ்டர், .308இன் கூட்டிலிருந்தே கழுத்தைச் சுருக்கி உருவானது. தோள் அதே இடத்தில், அதே 20 பாகைச் சரிவில் நிற்கிறது. அந்தக் குடும்பத்துக்குள் புஷிங்கையும் நடுத்தண்டையும் மாற்றினால் ஒரு டை உடம்பு பல தோட்டாக்களுக்கு உழைக்கும். ஆனால் வேலை செய்வது குடும்ப உறவு. குண்டின் விட்டம் அங்கே வேறு வேறாகவே இருக்கிறது!

கடைசியாக, பேச்சில் யாரும் சேர்க்காத ஒன்று: பித்தளையின் தடிமன். .30-30 வின்செஸ்டரும் 0.308 குண்டுதான். ஆனால் குண்டு ஏற்றிய நிலையில் அதன் கழுத்து வெளிப்புறம் 0.330 அங்குலம், .308 வின்செஸ்டருக்கோ 0.343. மெல்லிய கழுத்து அது. தடித்த கழுத்துக்குச் செய்த டை, அதைப் போதுமான அளவு இறுக்காது. .303 பிரிட்டிஷில் தவறு எதிர்ப்பக்கம்: பெயர் .303, குண்டோ 0.311 அங்குலம். டையின் நடுத்தண்டில் உள்ள, 0.308க்கான உருளையால் விரித்த கழுத்து அந்தக் குண்டுக்கு மிகவும் இறுக்கம், அதன் மேலுறையையே சீவிவிடலாம்.

.30-30இல் கழுத்தின் பிடி தளர்ந்தால் அது பெரிய விஷயம். அதைச் சுடும் லீவர் ரைஃபிள்கள் பலவற்றில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒரு பக்கம் ஸ்பிரிங் தள்ளும், ஒவ்வொரு சுடுதலிலும் உதைப்பு சேரும். பிடியில்லாத குண்டு கூட்டுக்குள் பின்வாங்கும், மருந்துக்கான இடம் குறையும், அழுத்தம் ஏறும். ஒருநாள் இதை மேசையிலேயே பார்த்துவிடலாம் என்று சுட்ட .30-30 கூடு ஒன்றை .308 டைக்குள் ஏற்றி இறக்கினேன். வெர்னியரில் கழுத்தின் அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. அதன் வாயில் குண்டை வைத்து விரலால் லேசாகத் தொட்டேன். அது கூட்டுக்குள் விழுந்து அடியில் டிங் என்றது.